அண்ணனின் இருபத்துநான்கு கிலோ

மார்ச் 3

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு,

இங்கே நலம், அங்கே நலமா என்று ஆரம்பிப்பார்கள். நீ நலமாக இல்லை என்பதால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் உன் மகளின் முதல் பிறந்தநாள் அன்று, உன் வீட்டு மாடிப்படியில் நின்று, "செத்தாலும் இனி உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொன்னவள் நான். சொன்னது சொன்னதுதான். ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

போன வாரம் உன் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க அவர் தயார். ரத்த வகையும் சேர்கிறது. ஆனால் டாக்டர் அவரை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. "எண்பத்தெட்டுக்கு வாங்க, அப்புறம் பேசலாம். இந்த உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இருபத்துநான்கு கிலோ! "வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. அவ வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. நான் ஒருத்தன்தான்" என்றார் உன் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சரி, அதை விடு.

உன்னிடம் ஃபோனில், "ரெண்டே மாசம், பொடிசு, பாத்துக்கிட்டே இரு" என்று அளந்தாராமே. நம்பாதே. இருபது வருடமாக எடை மேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக மணலையும் இரும்பையும் நிறுத்துப் பார்க்கிற மனுஷன். ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. வேலையில் அரிச்சந்திரன். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்தால் பொய். நேற்று, "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல" என்றார். மீசையில் கேக் க்ரீம்.

எங்கேயோ ஒளித்துவைத்துத் தின்கிறார். சின்ன வயதில் எங்கெங்கே ஒளித்துவைப்பார் என்பது கூடப் பிறந்த உனக்குத்தான் தெரியும். எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


மார்ச் 12

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "யாரு போயிட்டா?" என்றுதான் கேட்டார்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு என்னைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். இடது கையில் இரண்டு ஊசி. வலது கை சும்மா கிடக்கிறது. ஒரு கையால் துணி தைக்க முடியாது, கடிதம் எழுத முடியும். அதனால்தான் பதில். உங்களுக்காக மெனக்கெட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அண்ணன் ஒளித்துவைக்கும் இடங்கள்: மடக்கிய குடைக்குள். மழைக்கால ஷூவுக்குள், காகிதத்தில் சுற்றி. அப்புறம் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால். "மணி என்ன ஆச்சு" என்று அவன் அடிக்கடி எழுந்து போனால் உஷாராக இருங்கள். கையில் வாட்ச் கட்டியிருப்பவனுக்கு சுவரில் என்ன வேலை?

எடை மேடை, மெஷின் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தையல்காரிக்கு அளவு நாடாதான் சாட்சி. இடுப்பளவு எடுத்து அனுப்புங்கள். தொப்புளுக்கு நேராக, மூச்சை விட்ட பிறகு. எக்கிக்கொண்டு நிற்பான், விடாதீர்கள்.

இன்னொன்று. இந்தச் சிறுநீரகத்தை நான் கேட்கவில்லை. "உங்க வீட்டுலேர்ந்து எனக்கு ஒரு துரும்புகூட வேண்டாம்" என்று அதே மாடிப்படியில் நானும் சொன்னேன், ஞாபகம் இருக்கும். அண்ணனாகத்தான் பிடிவாதம் பிடிக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரரின் தங்கை


ஏப்ரல் 16

தங்கைக்கு,

குடை விஷயம் நிஜம்தான்.

நேற்று கடைத்தெருவில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. "குடையை விரிங்க" என்றேன். "சின்னத் தூறல்தானே, நனைஞ்சா உடம்புக்கு நல்லது" என்றார். பிடுங்கி விரித்தேன். என் தலையில் பொலபொலவென்று இரண்டு பாக்கெட் பிஸ்கட். பக்கத்தில் நின்ற காய்கறிக்காரர், "அம்மா, இந்தக் குடை எந்தக் கடையில கிடைக்குது?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. உன் அண்ணன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

வீட்டில் இப்போது என் ஆட்சி. சர்க்கரை கிடையாது. எண்ணெயில் பொரித்தது கிடையாது. பெரிய தட்டைப் பரணில் போட்டுவிட்டுச் சின்னத் தட்டு வைத்திருக்கிறேன். முதலில் காய்கறி, அப்புறம் முட்டையோ பருப்போ, கடைசியில்தான் சோறு. ஏழு மணிக்குச் சாப்பாடு முடிந்தால் அடுப்படிக்குப் பூட்டு. காலையில் நாற்பது நிமிடம் நடை. தனியாக அனுப்பிப் பார்த்தேன். தெருமுனைக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வியர்த்த மாதிரி வந்து நின்றார். அதனால் நானும் கூட நடக்கிறேன். என் தலையெழுத்து.

வீட்டுக்கு ஒரு சின்ன எடை மெஷின் வாங்கலாம் என்றால், "அது பொம்மை. என் மேடை அறுபது டன் தாங்கும், சர்க்கார் முத்திரை குத்தினது" என்கிறார். தினமும் முதல் லாரி ஏறுமுன் அந்த அகலமான இரும்பு மேடையின் நடுவில் போய்த் தன்னந்தனியாக நிற்கிறார். நான் அறைக்குள்ளே போய் எண்ணைப் பார்த்துக் கத்த வேண்டும். ஒரு மாதமாக ஒரே எண்தான்: நூற்றுப்பத்து. தினமும் நூற்றுப்பத்து! "இவ்வளவு பட்டினி கிடந்தும் ஒரு கிலோ குறையலையே" என்று நேற்று என் முகத்தையே பார்த்தார். கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

இடுப்பு நாற்பத்தாறு. எக்கிக்கொண்டுதான் நின்றார். தும்ம வைத்து அளந்தேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


மே 2

அண்ணிக்கு,

தும்ம வைத்து அளந்தது நல்ல யோசனை. இத்தனை வருடம் தைக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள்: அவன் அங்கே சோற்றுக்கு அழுகிறான், நான் இங்கே தண்ணீருக்கு அழுகிறேன். எனக்கு நாள் முழுக்க ஒரு லிட்டர்தான். மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான். என் மகள் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஏழு வயசு, போலீஸ்காரி தோற்றாள். "அம்மா, இந்தக் கோட்டுக்குக் கீழ போகாத" என்று மிரட்டுகிறாள். கனவில்கூடக் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

நீங்களும் நடக்கிறீர்களா? உங்கள் இடுப்பளவையும் எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை


மே 23

பொடிசுக்கு,

உன் அண்ணன் கூப்பிடுகிற மாதிரி உன்னை இப்படிக் கூப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். அவசரத்தில் கை எழுதிவிட்டது, இருக்கட்டும்.

போன திங்கள்கிழமை காலை. மேடையில் அவர். அறைக்குள் நான். எண்ணைப் பார்த்தேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். நூறு! முந்தின நாள் நூற்றுப்பத்து, விடிந்தால் நூறு. "நூறு! நூறு!" என்று நான் கத்திய கத்தலில் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் இறங்கி ஓடி வந்தார்கள். "ஒரே ராத்திரியில பத்து கிலோ!" என்று உன் அண்ணன் மேடையிலேயே குதித்தார். எல்லோருக்கும் டீயும் கேக்கும் அவர் செலவில். அவருக்கு இரண்டு துண்டு. நானே கொடுத்தேன், பொடிசு, நானே ஊட்டினேன்.

மதியம் சோறு வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து கிலோ எங்கே போயிருக்கும்? ராத்திரி அவர் எழுந்துகூடப் போகவில்லையே. மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய் அங்கே இருந்த மெஷினில் ஏற்றினேன். நூற்று நாலு எண்ணூறு.

அப்புறம்தான் தெரிகிறது. லாரி மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டுமாம். நூற்றைந்துக்கு மேலே இருந்தால் நூற்றுப்பத்து, கீழே வந்தால் நூறு. நடுவில் எதுவுமே கிடையாது. இரண்டு மாதமாக அவர் குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறார், மேடைக்குத்தான் தெரியவில்லை. "இருபது வருஷம் அதுல வேலை பாக்குறீங்களே, இது தெரியாதா?" என்றேன். "தெரியும். லாரிக்கு அஞ்சு கிலோ ஒரு கணக்கா? நமக்கும் அதே சட்டம்னு தோணல" என்றார். இந்தக் குடும்பத்தில் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

சின்ன மெஷின் வாங்கியாகிவிட்டது. அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இடுப்பு நாற்பத்துமூன்று.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மெஷினில் படுத்துக்கொண்டு படித்திருக்கக் கூடாது. சிரித்த சிரிப்பில் ஊசி போட்ட கை ஆடி, மெஷின் கீகீ என்று கத்த, மூன்று நர்ஸுகள் ஓடி வந்தார்கள். "என்னம்மா, மூச்சு முட்டுதா?" என்றார்கள். "இல்லை, எங்கண்ணன் லாரியாயிட்டான்" என்றேன். பக்கத்துப் படுக்கை ஐயாவுக்கும் படித்துக்காட்டினேன். இப்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்ததும், "உங்கண்ணன் எத்தனை டன்?" என்று கேட்கிறார்.

உங்கள் இடுப்பளவு கேட்டிருந்தேன், எழுதவில்லை.

இப்படிக்கு,
பொடிசு


ஆகஸ்ட் 11

அன்புள்ள பொடிசுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதும்படி எதுவும் இல்லை. மெஷின் தொண்ணூற்றாறில் நின்றுவிட்டது. நடை உண்டு, காய்கறி உண்டு, குறைவது மட்டும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் சொல்லாமல் எடை மேடைக்குப் போனேன். நிறுத்தியிருந்த ஒரு லாரிக்குள், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உன் அண்ணன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். டிரைவர்கள் முறை போட்டு வாங்கிக் கொடுக்கிறார்களாம். "ஐயா வாடிப்போயிட்டாரும்மா, பாக்க மனசு கேக்கல" என்கிறான் ஒருவன்.

லாரி மேலேயே ஏறி நின்று திட்டினேன். வாயில் வந்ததெல்லாம். கடைசியில், "உங்க தங்கச்சி அங்க தண்ணிக்குக் கோடு போட்டுக் குடிக்கிறா. உங்களுக்கு வாயைக் கட்ட முடியலையா?" என்றேன். அவ்வளவுதான். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அழுதார், பொடிசு. "நான் குறைச்சு முடிக்கறதுக்குள்ள அவ போயிட்டான்னா? அந்தப் பயம் வந்தா எனக்குப் பசிக்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே நடக்கிறார். சாயங்காலமும் நடக்கிறார். டிரைவர்கள் அவருக்கு வெள்ளரிக்காய் வாங்கி வருகிறார்கள்.

அன்றைக்கு உன் வீட்டில் எல்லோர் முன்னாலும் நீ சொன்னாய்: "நாங்க குடுக்கும்போது எங்கண்ணன் அறுபத்தெட்டு கிலோ. அண்ணி வளர்க்கல, கொழுக்க வெச்சிருக்காங்க. போட்டோவுல மத்தவங்களுக்கு இடமில்ல." எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வருடமாக அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. ஏன் தெரியுமா? நீ சொன்னது உண்மை. எனக்குச் சண்டை போடத் தெரியும், சமைக்கத் தெரியும். ஆசையை வாயால் சொல்லத் தெரியாது. அதனால் தட்டில் போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது உன் உயிர் அந்தத் தட்டில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

இடுப்பு நாற்பது.

இப்படிக்கு,
அண்ணி


செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

என் நாக்குக்குத்தான் முதலில் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நான் சொன்னது கேலிக்காக இல்லை, பொறாமை. அண்ணன் என் வீட்டுக்கு வந்தாலும், "உங்கண்ணி கை மாதிரி வராது" என்பான். நான் வைத்ததைக் கொறித்துவிட்டு உங்கள் டப்பாவைத் திறப்பான். அந்தக் கடுப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுத ஆறு வருடமும் ஒரு வியாதியும் தேவைப்பட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி.

உங்களுக்கு மட்டும் ஒன்று. அண்ணனிடம் சொல்ல வேண்டாம். இந்த மாதம் இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். கத்தரிக்கோல் பிடித்தால் கை நடுங்குகிறது. ஆர்டர் எதுவும் எடுப்பதில்லை. அண்ணனுக்கு மட்டும் ஒரு பேன்ட் வெட்டி வைத்திருக்கிறேன். இடுப்பு முப்பத்தாறு. கொஞ்சம் கொஞ்சமாகத் தைக்கிறேன். பயமாக இருக்கிறது அண்ணி. மகளைப் பார்த்தால் ரொம்பப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பொடிசு


நவம்பர் 8

அன்புள்ள பொடிசுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதுகிறேன்.

போன வாரம் எண்பத்தேழு அறுநூறு. டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். "எத்தனையோ பேர்கிட்ட சொல்றேன், செஞ்சு காட்டினவர் நீங்க" என்றார். உன் அண்ணன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். அப்புறம் முழு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் கல். சின்னச் சின்னதாக, நிறைய. "இவருக்கே ரெண்டும் வேணும். ஒண்ணை எடுக்கிறது ஆபத்து" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், தொளதொள சட்டையோடு, பெஞ்சில் பாதி இடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு நிறைந்துவிடும். "எல்லாம் வீணாப் போச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். இனி இந்த வீட்டில் உனக்குத் தெரியாமல் எதுவும் ஒளித்துவைப்பதாக இல்லை. குடைக்குள்கூட.

இப்படிக்கு,
அண்ணி


நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம் மகள் வந்து, "கண்ணீரும் ஒரு லிட்டர் கணக்குல சேருமா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், எதுவும் வீணாகவில்லை. அவனுக்கு இருந்த மூச்சிரைப்பு போயிற்று, ரத்த அழுத்தம் போயிற்று, முழங்கால் வலி போயிற்று. என் வியாதியால் அவன் ஆயுசு பத்து வருடம் கூடியிருக்கிறது. எனக்குக் கொடுக்க வந்தான், அவனே வாங்கிக்கொண்டு போய்விட்டான். சரியான அண்ணன்.

பேன்ட் தைத்து முடித்துவிட்டேன், இத்துடன் அனுப்புகிறேன். சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் என் பெயரும் இருக்கிறது, யாரோ முன்பின் தெரியாதவர் புண்ணியத்தில் எனக்கும் வரலாம். வராவிட்டாலும், நாம் இரண்டு பேரும் இப்படி எழுதிக்கொண்டது எனக்குப் போதும். தொடர்ந்து எழுதுங்கள். பேச வேண்டாம், உங்கள் சபதம் உங்களுக்கு. எழுதுங்கள்.

இப்படிக்கு,
பொடிசு


டிசம்பர் 21

என் பொடிசுக்கு,

பேன்ட் கச்சிதம். தெருவெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

நீ இரண்டு தடவை கேட்டும் நான் எழுதாமல் விட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். என் இடுப்பு முப்பத்திரண்டு. முதலில் முப்பத்தேழு. எழுதக் கூச்சப்பட்டேன். உன் அண்ணனைக் காவல் காக்க நடந்து நடந்து, அவர் தட்டையே நானும் தின்று தின்று, எழுபத்தொன்றிலிருந்து அறுபத்திரண்டுக்கு வந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று வராந்தாவில் அவரை உட்கார வைத்துவிட்டு நான் மறுபடி உள்ளே போனேன். "டாக்டர், எட்டு மாசம் முன்னாடி வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டீங்க. இப்ப பதில் சொல்றேன், நான் இருக்கேன்" என்றேன். ஆறு வாரமாகச் சோதனை. முடிவு தெரியாமல் ஆசை காட்டக் கூடாது என்று இதை மட்டும் உன்னிடமும் ஒளித்துவைத்தேன். சட்டி சட்டியாக ரத்தம் எடுத்தார்கள். பொருந்துகிறது, பொடிசு. கல் இல்லை, சர்க்கரை இல்லை, எல்லாம் பொருந்துகிறது. உன் அண்ணனுக்கு நேற்றுத்தான் சொன்னேன். குடை பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே மழைகூட இல்லை.

கூடப் பிறந்தவள் இல்லை என்பதால் ஆஸ்பத்திரியில் மூன்று பேர் கொண்ட குழு என்னை விசாரித்தது. யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று பார்ப்பார்களாம். "உங்களுக்கும் நாத்தனாருக்கும் பழக்கம் எப்படி?" என்றார்கள். "ஆறு வருஷமா ஒரு வார்த்தை பேசினதில்லைங்க" என்றேன். மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். வேறு வழி இல்லாமல் பையிலிருந்து உன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். நடுவில் இருந்த அம்மா சத்தமாகப் படித்தார். "அண்ணன் லாரியாயிட்டான்" என்ற இடத்தில் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். செப்டம்பர் கடிதத்தைச் சத்தமில்லாமல் படித்தார்கள். "இதுக்கு மேல எங்களுக்கு அத்தாட்சி வேண்டாம்" என்றார் அந்த அம்மா. ஆனால் கையெழுத்துப் போடும் முன் உன்னையும் என்னையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்பார்களாம். அது சட்டம்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட வேண்டாம் என்றாய். இது துரும்பு இல்லை, மறுக்காமல் வாங்கிக்கொள். நான் செத்தாலும் பேச மாட்டேன் என்றேன். யாரும் சாகப் போவதில்லை, அதனால் பேசலாம். நிறுத்தினவள் நான், நான்தான் முதலில் பேசுவேன்.

என்ன பேசுவது என்று நான்கு நாளாக யோசித்துப் பார்த்தேன். பெரிதாக எதுவும் வரவில்லை. உன்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்றுதான் வாயில் வரும். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி